குழாய்க்கு முன் கணக்கு: மேல் களனிச் சிறுநகரங்களின் கூட்டுக் குடிநீர் பற்றி ஒரு திறந்த மடல்

ஹட்டன்–டிக்கோயா நகர சபை, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை பிரதேச சபைகள் ஆகியவற்றின் தவிசாளர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள் அனைவருக்கும்.

பிரதி: தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நுவரெலியா மாவட்டச் செயலகம், தோட்ட முகாமைத்துவங்கள்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்தக் காலத்தின் நடுவில் வரும் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் வந்து விழும் சிற்றோடைகள் நூலாக மெலிகின்றன. தேவை கூடும் வாரங்களும் ஊற்று குறையும் வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன. அந்த வாரங்களில் தண்ணீர் பவுசர் ஓடும், கூட்டம் கூடும், புதிய நீர்த்திட்டம் கேட்டுக் கடிதம் போகும். ஏப்ரலில் மழை விழுந்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

ஒவ்வொரு நகரமும் தனக்கென்று ஒரு திட்டம் கேட்பதை விட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டு ஏற்பாட்டுக்கு வாருங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறோம். அதைவிட முக்கியமான வேண்டுகோள் ஒன்றும் உண்டு. ஒரு மீற்றர் குழாய் வாங்குவதற்கு முன் இரண்டு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். கோடையில் ஊற்றுகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அளந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். திட்டம் ஓடத் தொடங்கிய பின் மாதாமாதம் யார் எவ்வளவு கட்டுவது என்பது கையெழுத்தாகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கட்டிய திட்டங்கள் திறப்பு விழாவோடு நின்றதை மலையகத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

முதலில் கூட்டு என்பதன் பொருள். 2018இல் அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகள் வந்தன. நுவரெலியாப் பக்கம் கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாகின. மக்களுக்குச் சபை பக்கத்தில் வந்தது நல்லதே. ஆனால் ஓடைகள் அந்த எல்லைக்கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரு சபையின் நகரத்துக்கு மேலே உள்ள ஊற்று இன்னொரு சபையின் எல்லைக்குள் இருக்கும். இரண்டும் தனித்தனியே ஒரே ஓடையில் மேலும் கீழுமாகத் தடுப்புக் கட்டினால், கோடையில் கீழே இருப்பவரின் தொட்டியில் வெறும் மணல்தான் மிஞ்சும்.

எல்லோரையும் ஒரே குழாயில் கட்டிவிடவும் முடியாது. சிங்கமலை ரயில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம், ஹட்டன் பக்கமாக விழும் மழை களனிக்குப் போகிறது; அந்தப் பக்கம் கொட்டகலையில் விழுவது கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. ஒரு ஆற்றுப் படுகையின் நீரை மலை தாண்டி இன்னொன்றுக்கு ஏற்றுவது செலவு, அனுமதி இரண்டிலும் வீண் வில்லங்கம். கொட்டகலைக்கு அதன் பக்கத்து ஊற்றே போதுமா என்று பார்த்து, நீரைத் தனியாகவும் மற்றவற்றைப் பொதுவாகவும் வைத்துக்கொள்வதே எங்கள் ஆலோசனை. ஒரே ஆய்வுகூடம், ஒரே குளோரின் களஞ்சியம், மாற்று பம்பும் வால்வுகளும் வைக்கும் ஒரே பண்டகசாலை, கசிவு தேடும் ஒரே குழு, ஒரே கட்டணப் பட்டியல் பிரிவு. ஒரு சிறு சபை தனியாக ஒரு இரசாயனவியலாளரை வேலைக்கு வைக்க முடியாது. நான்கு சபைகள் சேர்ந்தால் முடியும். கூட்டின் ஆதாயத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

இனி அளவை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 3 மில்லிமீற்றர் தகட்டில் 90 பாகையில் ஆங்கில வீ வடிவில் வெட்டு எடுத்து, விளிம்பைக் கூராக அராவி, ஓடையின் குறுக்கே நிமிர்த்தி நிறுத்த வேண்டும். பக்கங்களில் களிமண்ணும் தடித்த பொலித்தீனும் வைத்து அடைத்தால் தண்ணீர் முழுவதும் அந்த வெட்டு வழியாகவே விழும். விழும் நீருக்கும் தகட்டுக்கும் இடையில் காற்று புக இடம் இருக்க வேண்டும். கீழே தேங்கி நிற்கும் நீர் வெட்டின் அடியைத் தொடக்கூடாது. உயரத்தை வெட்டிலேயே அளக்கக்கூடாது, அங்கே நீர் சரிந்து இறங்கும். ஒரு மீற்றர் பின்னால், நீர் அசையாமல் நிற்கும் இடத்தில் அளவுகோல் நட்டு, வெட்டின் அடிமட்டத்திலிருந்து உயரத்தைப் பார்க்க வேண்டும். 5 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்கு 0.8 லீற்றர் வருகிறது. 10 என்றால் 4.4 லீற்றர். 15 என்றால் 12 லீற்றர். உயரம் இரு மடங்கானால் நீர் ஐந்தரை மடங்குக்கு மேலாகும். 10 சென்ரிமீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் பிசகினால் கணக்கில் கால் பங்கு பிசகும். அதனால் ஆள் மாறினாலும் அளவுகோல் மாறக்கூடாது.

வாரம் ஒரு வாசிப்பு, ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை, இரண்டு கோடைகள். அதற்கு மேல் காத்திருக்கச் சொல்லமாட்டோம். அந்த இரண்டு கோடைகள் நல்ல கோடைகளா கெட்ட கோடைகளா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான தோட்ட ஒபிஸ்களில் மழைக்கணக்கு தினமும் எழுதப்படுகிறது. பழைய தோட்டங்களில் பல பத்தாண்டுக் கணக்கு கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. முகாமையாளரிடம் கேட்டு அதைப் படியெடுங்கள். அளந்த ஆண்டின் மழையைப் பழைய மழைகளோடு ஒப்பிட்டால், இதைவிட மோசமான கோடை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று சொல்லிவிடலாம். ஒக்டோபரில் வந்து ஓடையைப் பார்த்து, ‘இது போதும் சேர்’ என்று சொல்லிப் போகும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

தேவையைப் பார்ப்போம். சேர்ந்து வரும் நகரங்கள், அவற்றை ஒட்டிய தோட்டப் பிரிவுகள் எல்லாம் கூட்டி 20,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். சரியான தொகையை கிராம அலுவலர் பதிவுகளிலிருந்து எடுக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் வைத்தால் 2,400 கனமீற்றர். குழாயில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தோ கணக்கில் வராமலோ போகும் என்றால் அனுப்ப வேண்டியது 3,000. அதிகம் செலவாகும் நாளுக்கு 1.2 மடங்கு சேர்த்தால் 3,600 கனமீற்றர், அதாவது செக்கனுக்கு 42 லீற்றர். மேலே சொன்ன 10 சென்ரிமீற்றர் ஓடை போல ஒன்பது பத்து ஓடைகள் இதற்கு வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பொதுக்குழாயில் குடம் வைத்துப் பிடிப்பவர்கள் இன்று 120 லீற்றர் செலவழிப்பதில்லை என்று சொல்லி இந்த எண்ணைக் குறைக்க வேண்டாம். குழாய் வீட்டுக்குள் வந்தால் குளிப்பும் கழிப்பறையும் வீட்டுக்குள் வரும். வரத்தான் வேண்டும்.

யாத்திரிகர் கணக்கில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரு இரவில் 10,000 பேர், ஆளுக்கு 20 லீற்றர் என்றாலும் 200 கனமீற்றர்தான். மொத்தத் தேவையில் அது இருபதில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. சிக்கல் என்னவென்றால் அவ்வளவும் மலையடிவாரத்து நல்லதண்ணி என்ற ஒரே இடத்தில் பொழுது சாய்ந்தபின் சில மணி நேரத்தில் கேட்கப்படுகிறது. அதற்குப் பெரிய ஊற்றோ பெரிய குழாயோ தேவையில்லை. பகல் முழுவதும் மெதுவாக நிரம்பும் 200 கனமீற்றர் தொட்டி ஒன்று அங்கேயே இருந்தால் போதும்.

ஊற்றைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் கருத்து உறுதியானது. மேலிருந்து தானாக இறங்கும் நீர் முதலில், நீர்த்தேக்கத்திலிருந்து பம்பு செய்வது கோடைக்கு மட்டும். ஒரு கனமீற்றர் நீரை 100 மீற்றர் உயர்த்த, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறனில் ஓடினால், 0.42 அலகு மின்சாரம் போகும். ஹட்டன் நகரம் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்துக்கு 150 மீற்றருக்கு மேலே இருக்கிறது. குழாய் உராய்வையும் நகருக்கு மேல் உள்ள தொட்டியின் உயரத்தையும் சேர்த்து 200 மீற்றர் என்று கொண்டால் கனமீற்றருக்கு 0.84 அலகு. 3,600 கனமீற்றரையும் ஆண்டு முழுவதும் ஏற்றினால் 11 லட்சம் அலகு. கோடையில் 90 நாள் மட்டும், தேவையின் பாதியை மட்டும் ஏற்றினால் 1 லட்சத்து 36 ஆயிரம் அலகு. எட்டில் ஒரு பங்கு! மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் இந்த வித்தியாசம் மக்களின் தண்ணீர்ப் பட்டியலில் வந்து உட்காரும்.

அந்தக் கோடைப் பம்புக்கு நீர்மின் நிலையங்களை நடத்தும் நிறுவனத்தின் எழுத்து மூலமான இணக்கம் வேண்டும், ஏனென்றால் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் நிற்கும் நீர் விமலசுரேந்திர, லக்சபான, பொல்பிட்டிய என்று கீழே வரிசையாக உள்ள மின்நிலையங்களின் நீர். நாம் கேட்பது 90 நாளில் 1 லட்சத்து 62 ஆயிரம் கனமீற்றர். இந்த எண்ணையும் எந்த மாதங்கள் என்பதையும் கடிதத்தில் எழுதிக் கேட்டால் பேச இடம் உண்டு. ‘குடிநீருக்கு அனுமதி தாருங்கள்’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் கோப்பு நகராது.

தண்ணீரை உள்ளே எடுக்கும் உள்ளெடுப்புக் கட்டமைப்பைக் கரையில் கொங்கிரீட்டில் நிலையாகக் கட்டிவிடவும் கூடாது. மவுசாக்கலையில் நீர் இறங்கும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. நீர் அவ்வளவு இறங்கும் மாதத்தில்தான் நமக்குப் பம்பு தேவை. கரையில் நிலையாகக் கட்டிய வாய் அப்போது சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மிதவையில் பம்பு வைத்து, நெளியும் குழாயால் கரையோடு இணைத்தால் நீர் எங்கே போனாலும் பம்பு கூடவே இறங்கும். உறிஞ்சும் வாய் மேற்பரப்புக்கு ஒன்றரை இரண்டு மீற்றர் கீழே இருந்தால் பாசியும் உள்ளே வராது.

மலை ஓடையின் உள்ளெடுப்பில் நடப்பது வேறு. இரவு ஒரு மழை பெய்தால் காலையில் கம்பிச்சட்டத்தின் மேல் டேப்பண்டைன் மரத்தின் இலையும் தேயிலைக் கவ்வாத்துக் குச்சியும் பாய் விரித்தது போல் படிந்திருக்கும். தண்ணீர் அதன் மேலேறி வழிந்து போகும், தொட்டிக்கு ஒரு சொட்டும் வராது. கையால் அள்ளி எறிந்தால்தான் ஓடும். கம்பிகளை ஓட்டத்தின் திசையிலேயே, 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளியில், 25 பாகை சரிவில் வைத்தால் பெரும்பகுதி தானாக வழுக்கிப் போகும். குறுக்குக் கம்பி மேற்பக்கம் தெரிந்தால் இலை அதில் மாட்டும், ஆகவே அதைக் கீழ்ப்பக்கம் ஒட்டவைக்க வேண்டும். சட்டத்துக்கு அடுத்து மணல் தொட்டி. மணலைக் கழுவி வெளியேற்றும் அதன் வாயின் விட்டம் 100 மில்லிமீற்றருக்குக் குறையவே கூடாது. 50 மில்லிமீற்றர் போட்டால் முதல் மழையிலேயே மணல் கட்டிப்பட்டு, பிறகு யாரும் திறக்கமாட்டார்கள்.

பிரதான குழாயின் விட்டம் பற்றி ஒரு கணக்கு மட்டும். செக்கனுக்கு 42 லீற்றர் 250 மில்லிமீற்றர் குழாயில் போனால் கிலோமீற்றருக்கு 3 மீற்றர் உயர நீரின் அழுத்தத்தை இழக்கும். 200 மில்லிமீற்றரில் 9 மீற்றருக்கு மேல். 10 கிலோமீற்றருக்கு வித்தியாசம் 60 மீற்றர். பம்பு செய்யும் பாதையானால் அந்த 60 மீற்றருக்காக மட்டும் முழு அளவு ஏற்றும் நாளில் 900 அலகு மின்சாரம் கூடப் போகும். விலைமனுவில் சிறிய குழாய் மலிவாகத் தெரியும், ஆனால் மின்பட்டியலில் அந்த மலிவு திரும்பி வந்து நிற்கும். அகழி வெட்டி, கல் உடைத்து, ஏ7 வீதியை வெட்டித் திருப்பிப் போட ஆகும் செலவு இரண்டு விட்டத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் குழாயை 30 ஆண்டுத் தேவைக்கும், பம்பை 10 அல்லது 15 ஆண்டுத் தேவைக்கும் எடுங்கள். சுத்திகரிப்பை இரண்டு அலகாகப் பிரித்து முதலில் ஒன்றைக் கட்டலாம்.

இறங்கும் குழாயில் எதிரி அழுத்தம். 10 மீற்றர் இறக்கத்துக்கு ஒரு பார். 1,450 மீற்றரில் உள்ள ஊற்றிலிருந்து 1,200 மீற்றரில் உள்ள நகருக்கு இறங்கினால் 25 பார். 10 பார் தாங்கும் டைப் 1000 பிவிசி குழாய் அங்கே நிற்காது. பகலில் எல்லோரும் திறந்திருக்கும்போது அழுத்தம் குறைவாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதுதான் முழு அழுத்தமும் ஏறும். குழாய்கள் இரவில் வெடிப்பதன் காரணம் இதுதான். 60 முதல் 80 மீற்றர் இறக்கத்துக்கு ஒரு அழுத்தம் முறிக்கும் தொட்டி வேண்டும். அதன் மிதவை வால்வு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். அது பழுதானால் தொட்டி வழியும். வழியும் நீர் சரிவில் இறங்கினால் தொட்டியோடு சேர்ந்து கீழுள்ள லயமும் ஆபத்துக்குள்ளாகும்.

இதை அழுத்திச் சொல்கிறோம். ஒவ்வொரு தொட்டியின் வழிந்தோடும் நீரும், கழுவும் நீரும், மூடிய குழாய் வழியாக இயற்கையான ஓடை வரை கொண்டுபோய் விடப்பட வேண்டும். தேயிலைக் கானுக்குள் (வடிகாலுக்குள்) விட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மண் எப்படி இறங்கியது என்பதைப் பார்த்தவர்கள் நாம். தொட்டிக்கு இடம் குறிக்கும் முன்பே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை எடுங்கள். சரிவு ஆபத்துள்ள இடங்களில் பிவிசியை விட்டு, உருக்கி ஒட்டும் எச்டிபிஈ என்ற பொலித்தீன் வகைக் குழாயைப் போடுங்கள். மண் கொஞ்சம் அசைந்தால் அது வளையும், மூட்டு கழன்று வராது. அந்தத் துண்டின் இரு பக்கமும் வால்வு வேண்டும். மண் இறங்கினால் பத்து நிமிடத்தில் மூட முடிய வேண்டும்.

மேடுகளில் காற்று வால்வு போடாத குழாய்களும் நிறைய. காற்று பிடித்து ஓட்டம் நின்றதும் யாரோ ஒருவர் குழாயில் ஆணி அடித்துக் காற்றை வெளியேற்றுவார். காற்று போகும், ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும்.

சுத்திகரிப்பில் இடம்தான் முதல் பிரச்சினை. மெதுவான மணல் வடிகட்டி எளிது, இரசாயனம் குறைவு, மின்சாரம் இல்லாமல் ஓடும். ஆனால் 3,600 கனமீற்றருக்கு அது ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர், அதாவது 40 பேர்ச்சஸ் சமநிலம் கேட்கும். மலையில் 40 பேர்ச்சஸ் சமநிலம் கிடைத்தால் அதில் ஏற்கெனவே பாடசாலையோ மைதானமோ இருக்கும். தவிர, மழை நாளில் தேத்தண்ணி நிறத்தில் வரும் கலங்கல் நீர் அந்த மணலைச் சில நாளில் அடைத்துவிடும். விரைவு வடிகட்டி 30 சதுர மீற்றரில் முடியும். ஆனால் கலங்கலைத் திரட்டும் படிகாரமும் தேர்ந்த ஆளும் வேண்டும். சிறிய தோட்டத் திட்டங்களுக்கு சரளை வடிகட்டியோடு மெதுவான மணல், கூட்டு நிலையத்துக்கு விரைவு வடிகட்டி என்பதே எங்கள் தெரிவு.

படிகாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. மலை நீர் மென்மையானது, காரத்தன்மை குறைவு. லீற்றருக்கு 40 மில்லிகிராம் படிகாரம் போட்டால் அது 20 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும்; அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 6.5க்குக் கீழே இறங்கும். அந்த நிலையில் படிகாரமும் சரியாகத் திரளாது, பழைய இரும்புக் குழாயும் கரைந்து துருநிறத் தண்ணீர் வரும். ஆகவே சுண்ணாம்பு சேர்க்கும் தொட்டி திட்டத்தின் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். இலங்கை நியமம் எஸ்எல்எஸ் 614 கலங்கலுக்கு 2 என்டியூ (கலங்கல் அளவு) வரைதான் அனுமதிக்கிறது. மழை நாளிலும் அதற்குள் நிற்க, ஒவ்வொரு நாளும் ஆறு குவளையில் கலக்கிப் பார்த்துப் படிகார அளவைத் தீர்மானிக்கும் ஒரு ஆள் வேண்டும். குளோரினுக்கு, 1,000 கனமீற்றருக்கு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வீதம் என்றால் 65 சதவீதத் தூளில் 2.3 கிலோ. முதல் வீட்டுக்குப் போகுமுன் 30 நிமிடம் தொட்டியில் நிற்க வேண்டும். நிலையம் இருபத்துநாலு மணி நேரமும் ஓட, மூன்று வேலைநேர முறைக்கும் விடுமுறைக்கும் சேர்த்து ஐந்து இயக்குநர்கள். அவர்களின் சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதை எழுதாத திட்ட அறிக்கை முழுமையானதல்ல.

தோட்டங்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பின், தோட்டத்துக்குள் சபை செலவழிக்கக் கூடாது என்ற பழைய பதிலுக்கு இடமில்லை. ஊற்று இருப்பது பெரும்பாலும் தோட்டக் காணியில். குழாய் போவது தோட்டக் காணியில். தொட்டி நிற்கப்போவதும் அங்கேதான். அந்த மலையில் வாழும் மக்களைத் தாண்டி நகரத்துக்குக் குழாய் இழுத்துப் போவது அநீதி. நடைமுறையிலும் அது நிலைக்காது, தாகத்தோடு நிற்பவரின் வாசலில் போகும் குழாய் வெட்டப்படும். லயங்களை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளாதீர்கள். அவர்கள் முதல் நாளிலிருந்தே முழுப் பங்காளர்கள்.

தோட்டத்துக்கு மொத்தமாக ஒரு நீர்மானி வைத்து, பிறகு உள்ளே என்ன நடந்தாலும் முகாமையின் பொறுப்பு என்று விடுவதையும் நாங்கள் எதிர்க்கிறோம். லயத்துக்குள் கசிவது யாருக்கும் சொந்தமில்லாத கசிவாகிவிடும். பட்டியல் கட்டப்படாவிட்டால் நூறு வீட்டுக்கும் ஒன்றாக நிறுத்தப்படும். வீட்டுக்கு ஒரு அரை அங்குல இணைப்பு, ஒரு நீர்மானி, குடியிருப்பவர் பெயரில் பட்டியல். காணி உறுதி இல்லை என்பது தண்ணீர் இணைப்புக்குத் தடையாகக் கூடாது. இணைப்புக் கட்டணத்தை 24 மாதத் தவணையாக்கலாம்.

ஊற்றின் கீழே ஏற்கெனவே பீலி வைத்துத் தண்ணீர் எடுப்பவர்கள் இருப்பார்கள். கறுப்புக் குழாயைப் பற்றைக்குள்ளும் கானோரமும் இழுத்து, மூட்டில் டியூப் ரப்பர் சுற்றி, இருபது முப்பது வருடமாக அந்த நீரில் வாழ்பவர்கள். மேலே தடுப்புக் கட்டிய அன்றே அந்தப் பீலி வற்றும். அவர்களுக்குப் புதிய இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகே உள்ளெடுப்பைத் திறப்பது என்பது எழுத்தில் இருக்கட்டும். ஊற்றின் மேலுள்ள மலையில் களைநாசினி அடிப்பதைப் பற்றியும் முகாமையோடு எழுதிக்கொள்ள வேண்டும். பலரும் நினைப்பது போல் அடிக்கும் மருந்து மட்டுமே ஆபத்து என்றில்லை. மருந்து கலக்கும் பீப்பாயை ஓடையிலேயே முக்கி நிரப்புவதும், வேலை முடிந்து மருந்துக் கேன்களை அங்கேயே கழுவுவதும்தான் ஒரே நொடியில் ஊரின் தண்ணீரைக் கெடுக்கக்கூடியவை. கலக்கும் இடத்துக்கு உள்ளெடுப்பின் கீழ்ப்பக்கமாகத் தனிக்குழாய் ஒன்று கொடுத்தால் அந்தப் பழக்கம் நின்றுவிடும். கோடையில் சிங்கமலைக் காட்டில் தீ பிடிப்பதைத் தடுக்கும் காவலும் நீர்த்திட்டச் செலவுதான். காடு எரிந்தால் அடுத்த கோடையில் ஊற்று இருக்காது.

பணம். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்தியபோது, வெளிநாட்டுக் கடனில் நடந்த நீர்த்திட்டங்கள் பாதியில் நின்றன. அதிலிருந்து நாங்கள் எடுக்கும் விதி ஒன்றே. அடுத்த கட்டம் வராமலே போனாலும் பயன்படும்படி ஒவ்வொரு கட்டமும் இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் இருக்கும் குழாய்களைப் பழுதுபார்த்து, தொட்டி வாயிலில் நீர்மானி வைத்து, இரவு இரண்டு முதல் நாலு மணிவரை எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக் கசிவை அடைக்கலாம். இது எந்தப் புது ஊற்றையும்விட மலிவான தண்ணீர். அடுத்து ஈர்ப்பு ஊற்றுகளும் சுத்திகரிப்பின் முதல் அலகும். கோடைப் பம்பு கடைசியில்.

மூலதனத்தில் உள்ளெடுப்பு, சுத்திகரிப்பு, பிரதான குழாய் ஆகியவற்றுக்கு மத்திய, மாகாண ஒதுக்கீட்டைக் கேளுங்கள். பல நகருக்குப் பொதுவானவை என்பதால் அதற்கு நியாயம் இருக்கிறது. நகருக்குள் விநியோகக் குழாய்க்கு உள்ளூர் கடன்கள் மற்றும் அபிவிருத்தி நிதியத்தில் சபைகள் கடன் எடுக்கலாம், ஏனென்றால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டும் வருமானம் அந்தக் குழாயிலிருந்தே வரும். ஆனால் ஊற்று அளவைக்கும் ஆய்வுக்கும் ஆகும் சிறு தொகையை நான்கு சபைகளும் தங்கள் சொந்த நிதியிலிருந்து போட வேண்டும். சொந்தக் காசு போட்டவர் கூட்டத்துக்கு வருவார், கேள்வி கேட்பார்.

ஓட்டச் செலவை இரண்டாகப் பிரியுங்கள். சம்பளம், பராமரிப்பு, காப்பு நிதி (பழுதாகும் பம்பை மாற்றச் சேர்க்கும் பணம்), கடன் தவணை ஆகியவை தண்ணீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆகும் செலவு. அதை ஒவ்வொரு சபையும் முன்பதிவு செய்த கொள்ளளவின் விகிதத்தில், உதாரணமாகக் களனிப் பக்கத்து மூன்று சபைகளும் 50, 30, 20 என்று, மாதந்தோறும் கட்ட வேண்டும். மின்சாரமும் இரசாயனமும் எடுத்த அளவுக்கு, சபை எல்லையில் உள்ள மொத்த நீர்மானியின்படி. எல்லாவற்றையும் எடுத்த அளவுக்கே வசூலித்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் ஒரு சபை தன் பழைய ஊற்றுக்குத் திரும்பிப் பணத்தை மிச்சம் பிடிக்கும், நிலையத்தின் சம்பளம் முழுவதும் மற்றவர் தலையில் விழும், கோடையில் அதே சபை வந்து தன் பங்கைக் கேட்கும். கூட்டுத் திட்டங்கள் முறிவது இப்படித்தான். ஒவ்வொரு சபையும் இரண்டு மாதக் கட்டணத்தை முன்வைப்பாகப் போட்டு வைத்தால், ஒருவர் பிந்தினாலும் குளோரின் வாங்கக் காசிருக்கும்.

காப்பு நிதிக்கு ஓர் எடுத்துக்காட்டு. பம்பும் மின்சாதனமும் 60 மில்லியன் ரூபாய், ஆயுள் 15 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 4 மில்லியன். நாளொன்றுக்கு 3,000 கனமீற்றர் அனுப்பி, 80 சதவீதம் விற்றால் ஆண்டில் 8 லட்சத்து 76 ஆயிரம் அலகு (கனமீற்றர்) நீர். அலகுக்கு நாலரை ரூபாய். இதை முதல் மாதத்திலிருந்தே, சபையின் பொதுக் கணக்கில் கலக்காமல், தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். பொதுக் கணக்கில் கலந்தால் அது வீதி விளக்காகவும் வண்டி டயராகவும் மாறிவிடும். பதினாறாம் ஆண்டில் பம்பு நிற்கும்போது மறுபடி கொழும்புக்குக் கடிதம் எழுத வேண்டிவரும்.

டிசம்பர் 31க்குள் ஒதுக்கீட்டை முடிக்க வேண்டும் என்பதற்காக முதலில் குழாயை வாங்கிக் குவிக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். ஊற்று உறுதியாகாமல் வாங்கிய பிவிசி வெயிலில் கிடந்து நிறம் வெளுத்து நொறுங்கத் தொடங்கும். அந்த ஆண்டில் செலவழித்தே ஆக வேண்டிய பணம் இருந்தால் நீர்மானிகளும் வால்வுகளும் வாங்குங்கள். அவை எந்தத் திட்டத்துக்கும் உதவும், அறைக்குள் பூட்டி வைக்கலாம்.

ஒப்பந்தத்தில் கோடைப் பங்கீடு பற்றி ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். நீர் குறையும்போது எல்லாச் சபைக்கும் ஒரே விகிதத்தில் வெட்டு. அதற்குள் டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் ஏனைய சிறு வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் முதலில், வீடுகள் அடுத்து, விடுதிகளும் கட்டுமானமும் கடைசியில். வால்வைத் திறப்பதும் மூடுவதும் நிலையப் பொறுப்பாளரின் வேலை; உறுப்பினர் தொலைபேசியில் சொல்லி வால்வு திரும்பக் கூடாது. குழாயின் கடைசியில் இருக்கும் பொகவந்தலாவை மேட்டு வீட்டுக்கும் நகரத்துக் கடைவீதிக்கும் ஒரே நேர அட்டவணை, அதுவும் சபை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது சிறியது. அடுத்த மாதக் கூட்டத்தில் நான்கு சபைகளும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள்: கூட்டாக அளப்போம், அளவை முடியும்வரை தனித்திட்டம் கேட்கமாட்டோம். ஒவ்வொரு சபையும் மூன்று ஓடைகளைப் பெயரிட்டு எழுதுங்கள். ஜனவரி முதல் வாரத்துக்குள் பன்னிரண்டு அளவைத் தகடுகளும் நடப்பட்டிருக்க வேண்டும். தகடு வெட்டி, அராவி, ஓடையில் மட்டம் பார்த்து நட்டு, வாசிப்பவருக்குப் பழக்கிக் கொடுக்க நாங்கள் வருகிறோம், கூலி வேண்டாம். தகட்டுக்கும் சிமெந்துக்கும் மட்டும் சபை ஏற்பாடு செய்யட்டும். வாசிப்பு எழுதும் கொப்பி தோட்டத்திலேயே இருக்கட்டும், ஒவ்வொரு திங்களும் அதன் படம் நான்கு செயலாளர்களுக்கும் ஒரே நேரத்தில் போகட்டும்.

இப்படிக்கு,
மலையக நீர்த்திட்டங்களில் வேலை செய்யும் பொறியியலாளர்கள், தொழில்நுட்ப அலுவலர்கள், நிலைய இயக்குநர்கள், குழாய்ப் பொருத்துநர்கள்